லியோன் நகரமும் என் இடுப்புப் பையும்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆகியும் காலையில் கண் விழித்ததும் இன்று எந்த குரூப், எந்த டெர்மினல் என்றுதான் மனம் ஓடுகிறது. இப்போது ஷார்ஜாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பால்கனியில் நின்றால் இறங்கும் விமானங்கள் தெரியும். எது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடுவேன். "கொஞ்சம் உக்காருங்களேன் அத்தை" என்பாள் மருமகள். உட்காருவேன். காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவேன்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து உட்கார வைத்து எழுதச் சொல்லியிருக்கிறாள் நிஷா. நான் வேலை பார்த்த டிராவல்ஸில் ஐரோப்பா டெஸ்க் இப்போது அவள் பொறுப்பு. டூர் மேனேஜர்கள் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே புது விதி வந்திருக்கிறதாம். "முன்னாடி ஏன் மேடம் வாங்கி வச்சுக்கிட்டீங்க? யாருமே திருப்பிக் கேக்கலையா?" என்று கேட்டாள். கேட்டாள் ஒருத்தி. அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நடுவில் பிரான்ஸின் லியோன் நகரத்தின் சாப்பாடும் ஒயினும் வரும். வராமல் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் ஊர் காரைக்கால். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன். கல்யாணம் ஆகிக் கணவரோடு துபாய்க்கு வந்தேன், மகனைப் பள்ளியில் சேர்த்த பிறகு வேலை தேடினேன். அங்கே சத்வா பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அந்த டிராவல்ஸ். முதலாளி கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். இன்டர்வியூவில் பிரெஞ்சில் ஏதாவது பேசு என்றார். பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு செய்யுளை ஒப்பித்தேன். ஒரு வார்த்தை புரியாமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "நாளைக்கு வந்துரும்மா" என்றார். மூன்று வருடம் டிக்கெட் கவுண்டர், அப்புறம் விசா டெஸ்க், அப்புறம் குரூப்போடு பயணம். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் சுலைமானி வரவழைப்பார். பால் இல்லாத அந்தத் தேநீர் இரண்டு கிளாஸ் மேசைக்கு வந்தால் எதிரில் நிற்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். முழுவதும் குடித்து முடிக்கும்வரை பேசமாட்டார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரே வாக்கியம் சொல்வார், பின்னாடியே "கலாஸ்" என்பார், அரபியில் முடிந்தது என்று. அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. நாங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது தினமும் மாலையில் போன் செய்வார். மழையா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். "ஆளெல்லாம் இருக்காகளா?" என்பது ஒன்றுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. நான் சேருவதற்கு முன்னால் ஒரு குரூப்பில் போன இளைஞன் ஒருவன் பாரிஸில் காணாமல் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. அந்த சீசன் முழுக்க எங்கள் விண்ணப்பங்களைத் தூதரகத்தில் வாங்கவில்லை. ஆபீஸில் இரண்டு பேரை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை போனால் விசாவும் போய்விடும் நாடு இது. அவர்களில் ஒருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது என்று பாய் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அதனால் வந்ததுதான் இடுப்புப் பை. இறங்கிய ஊரில் இமிகிரேஷன் முடித்து வெளியே வரும் இடத்தில் நான் முதலில் போய் நின்றுகொள்வேன். ஒவ்வொருவராக வர வர பாஸ்போர்ட்டை வாங்குவேன், முத்திரை விழுந்த பக்கத்தைப் பார்ப்பேன், துப்பட்டாவுக்கு உள்ளே கட்டியிருக்கும் பையில் போடுவேன். பதிலுக்கு ஒரு நகலும் ஹோட்டல் முகவரி அட்டையும் கொடுப்பேன். திரும்பும் நாளில் ஏர்போர்ட்டில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதுதான் திருப்பிக் கொடுப்பேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வளைகுடாவில் வாழ்கிறவர்கள் கொடுத்துப் பழகியவர்கள். வந்து இறங்கிய அன்றே கம்பெனி ஆள் வாங்கிப் போவான், லீவுக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். அப்படி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கை பழகிவிட்டது. நான் கையை நீட்டினால் போதும், மேனேஜர்களும் டாக்டர்களும்கூடக் கொடுத்துவிடுவார்கள்.

மிரேய் மட்டும் கேட்பாள். லியோனில் எங்களுக்கு நகரம் சுற்றிக் காட்டும் பிரெஞ்சுக்காரி அவள். "இவர்கள் என்ன குழந்தைகளா?" என்பாள். பாதுகாப்புக்காக என்று நானும் சொல்லிவைப்பேன்.

ஈபிள் கோபுரத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களுக்காகப் போட்ட சின்ன டூர் அது. நான்கு நாள், ஒரே நகரம். எனக்கு அந்த ஊர் அவ்வளவு பிடிக்கும். சோன், ரோன் என்று இரண்டு ஆறுகள். மேற்கே ஃபூர்வியேர் குன்று, உச்சியில் வெள்ளை மாதா கோவில், அடிவாரத்தில் பழைய நகரம். குன்றுக்கு ஏறக் கயிறு கட்டி இழுக்கும் ஒரு குட்டி ரயில் உண்டு. மேலே ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கும் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் செம்மண் நிறத்தில் கூரை கூரையாக ஊர் முழுவதும் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு நிமிடம் நின்றுதான் வரும்.

கொரோனா முடிந்து டூர்கள் மறுபடி தொடங்கிய சமயம். அந்தக் குரூப்பில் ஓமானின் சோஹாரிலிருந்து ஒரு தம்பதி வந்து சேர்ந்துகொண்டார்கள். கணவர் ராஜசேகர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பதவி. மனைவி பவித்ரா, ஃபார்மசி படித்தவள், வேலைக்குப் போகவில்லை. இருவருக்கும் ஈரோடு பக்கம். ராஜசேகரைக் குரூப்பில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வயதானவர்களின் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பார், எல்லோரையும் போட்டோ எடுப்பார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. லியோன் ஏர்போர்ட்டில் நான் கை நீட்டியபோது இரண்டு பாஸ்போர்ட்டையும் அவரே கொடுத்தார். "இவகிட்ட குடுத்தா தொலைச்சுடுவாங்க மேடம்" என்று சிரித்தார். பவித்ராவும் சிரித்தாள். ஆனால் என் பையின் ஜிப்பை நான் இழுத்து மூடும்வரை அவள் கண் அதிலேயே இருந்தது.

முதல் நாள் மதியம் குன்றின் மேல் சுற்றிக்கொண்டிருந்தோம். ராஜசேகர் ரோமானிய அரங்கின் படிகளில் கீழே இறங்கி, மேலே நிற்பவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பவித்ரா என் பக்கத்தில் வந்து நின்றாள். ஊரைப் பார்த்தபடியே பேசினாள்.

"மேடம், எனக்கு என்ற பாஸ்போர்ட் வேணுங்க."

எதற்கு என்று கேட்டேன். ஜெனீவாவில் அக்கா இருக்கிறாள், இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஊருக்குப் போகிறேன் என்றாள். கணவருக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். தெரிந்தால் போக முடியாது என்றும் சொன்னாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவள் பாஸ்போர்ட் ராஜசேகரின் ஆபீஸ் லாக்கரில் இருக்கும். போன வருடம் அவள் அப்பாவுக்கு முடியாமல் போய், உடனே கிளம்பி வா என்று ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. சாவி ஆபீஸில் இருக்கிறது, வாரக் கடைசி ஆயிற்றே, ஆபீஸ் திறக்கட்டும் என்றிருக்கிறார் ராஜசேகர். ஆபீஸ் திறந்ததும் மீட்டிங் என்றிருக்கிறார். அதற்குள் அப்பா போய்விட்டார். இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது என்றாராம். வீடியோவில்தான் அப்பா முகத்தைப் பார்த்தாள். "அவர் அடிக்கமாட்டாருங்க. திட்டக்கூட மாட்டாரு. பாக்கலாம், பாக்கலாம்பாரு. அவ்வளவுதானுங்க" என்றாள்.

அவள் அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அழவில்லை. இந்த டூரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றாள். சோஹாரில் பக்கத்து வீட்டுக்காரி முன்பு எங்களோடு வந்தவளாம். இறங்கின உடனே அந்த மேடம் பாஸ்போர்ட்டை எல்லாம் வாங்கிக்கொள்வார், கடைசி நாள்வரை தரமாட்டார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து பவித்ராவுக்கு வேறு நினைப்பே இல்லை. லியோன், லியோன் என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி, ஒயின் பற்றிய வீடியோவெல்லாம் காட்டி, அவரே ஆசைப்பட்டு புக் செய்வதுபோலச் செய்திருக்கிறாள். "கல்யாணம் ஆனதுக்கப்பறம் அது அவர்கிட்ட இல்லாம இருக்கிறது இந்த நாலு நாள்தானுங்க மேடம்."

யாரும் ஓடிப்போகக் கூடாது என்று பாய் போட்ட விதி. அந்த விதியை நம்பி ஒருத்தி ஓமானிலிருந்து கிளம்பி வந்து என் முன்னால் நிற்கிறாள். எனக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாலையில் பாயின் போன் வந்தது. ஆளெல்லாம் இருக்கிறார்கள் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு கேட்காமல், ஒரு பெண் தன் பாஸ்போர்ட்டைக் கேட்கிறாள், ஜெனீவாவில் அக்கா வீட்டுக்குப் போய் அங்கிருந்து இந்தியா போகப்போகிறாள், கணவர் சம்மதம் இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் போனை விலக்கிக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது.

"ரெண்டு சுலைமானி கொண்டா."

ஒன்று எனக்கு. நான் லியோனில் ஹோட்டல் வாசலில் நிற்கிறேன், என் கிளாஸ் சத்வாவில் அவர் மேசைமேல் ஆவி பறந்துகொண்டிருக்கிறது. போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்தேன். அவர் குடித்து முடிக்கக் காத்திருந்தேன்.

"புருசன் கேட்டா மட்டும் குடும்மா" என்றார். "இங்க ஒன்னைச் சேத்து இத்தனை குடும்பம் இருக்கு. கலாஸ்."

அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பவித்ரா ஜெனீவாவில் விமானம் ஏறாமல் எங்கேயாவது தங்கிவிட்டால் ஆபீஸே முடங்கும். என்னோடு வேலை பார்க்கும் ஒவ்வொருவர் முகமும் கண்முன் வந்தது. இன்னொன்றும் வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் பாஸ்போர்ட் என் கணவரின் பீரோவில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததும் பாயின் இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. ஒவ்வொரு டூர் முடிந்ததும் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆபீஸ் போய் நானே அதை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் வாங்கி வைத்தவளின் கதை இது. அதுவரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லை. வந்த பிறகு கட்டிலில் படுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பழைய நகரத்தில் நடை. அங்கே தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில் வீடுகளுக்கு உள்ளேயே வழிகள் உண்டு. சாதாரண வீட்டுக் கதவு மாதிரி இருக்கும். தள்ளினால் இருட்டான நடை, சின்ன முற்றம், சுருள் படிக்கட்டு, இன்னொரு நடை, இன்னொரு கதவு. திறந்தால் அடுத்த தெருவில் நிற்போம். மழையில் நனையாமல் பட்டுத்துணி கொண்டுபோக நெசவாளர்கள் இந்த வழிகளில் நடந்தார்களாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்பாள் மிரேய். எங்கள் ஆட்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாடகை எவ்வளவு இருக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பவித்ரா ஒவ்வொரு கதவிலும் பின்தங்கி, அது உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா என்று பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ராஜசேகர் ஒவ்வொரு முற்றத்திலும் நின்று, "பவி, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாடு ஒரு பழைய பாணி லியோன் உணவகத்தில். சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, இடித்துக்கொண்டு உட்காரும் நாற்காலிகள். அந்த ஊர்க்காரர்கள் குடலையும் ஈரலையும் விட்டுவைக்காதவர்கள். மற்ற டூர்காரர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. எங்கள் குரூப்பில் கறி தின்கிறவர்கள் குடலை ஒரு வாய் வைத்ததும் முகம் மலர்ந்தார்கள். நம்ம ஊர் போட்டிக் கறிதான் இது, மிளகுதான் பத்தவில்லை என்று ஒருவர் பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். சைவர்களுக்கு வெள்ளைச் சாஸில் மிதக்கும் உருளைக்கிழங்கும் பருப்பு சாலடும். பருப்பைப் பார்த்ததும் புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று கைமாறி வந்தது. உணவகக்காரர் அதை முகர்ந்து பார்த்து, கொஞ்சம் நக்கிப் பார்த்து, பாட்டிலைத் திருப்பித் தர மனசில்லாமல் நின்றார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பவித்ராவுக்கும் சேர்த்து ராஜசேகரே சொன்னார். அவளுக்குச் சீஸ் ஒத்துக்கொள்ளாது என்றார். அவள் வந்ததைச் சாப்பிட்டாள். எழுந்து கை கழுவப் போனாள். நானும் போனேன்.

குறுகலான கழிவறை, ஒரே ஒரு வாஷ்பேசின். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று என்ற மாதிரி நின்றாள். அக்கா போட்ட டிக்கெட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினாள்: ஜெனீவாவிலிருந்து சென்னை, விசா தேதிக்குள். இந்தத் தேதியில் ஏறிவிடுவாய் இல்லையா, நீ ஏறாவிட்டால் எங்கள் ஆபீஸில் பலபேர் சோறு போகும் என்றேன். "ஏறிருவனுங்க மேடம். எங்கப்பா மேல சத்தியமுங்க" என்றாள். துப்பட்டாவை விலக்கிப் பையைத் திறந்தேன். அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஒயின். அதே தெருவில் கல் வளைவு போட்ட ஒரு நிலவறையில் சுவைத்துப் பார்க்க ஏற்பாடு. கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, பக்கத்தில் உள்ள வாளியில் துப்பிவிட வேண்டும். மிரேய் செய்து காட்டினாள். துப்பிய உடனே எங்கள் குரூப்பில் ஒரு முகச்சுளிப்பு. எல்லோரும் ஒரே வாளியில் எச்சில் துப்புவதா? ஒருவரும் துப்பவில்லை. கோப்பைகள் போதாமல் இரண்டு பேருக்கு ஒன்று என்று ஆனதும் இன்னொரு சிக்கல். உதடு படக் கூடாதே. அபுதாபியிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோலக் கோப்பையைத் தூக்கி, அண்ணாந்து, வாயில் ஊற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும். மிரேய் தலையில் கை வைத்துக்கொண்டாள். துபாயில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தன. ராஜசேகர் மட்டும் முறைப்படி செய்தார். கோப்பையைச் சுழற்றி, கண்ணை மூடி, மண்வாசனை வருகிறது என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கண் மூடியிருந்தபோது பவித்ரா படியேறிப் போனாள். தோளில் சின்னக் கைப்பை மட்டும்.

அவள் போவதைப் பார்த்தேன். மெட்ரோவில் ஒரு இடத்தில் மாறி ரயில் நிலையம் போக வேண்டும். எங்கே மாற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நான்காவது ஒயினை ஊற்றினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோப்பையை எடுத்து நானும் குடித்தேன். புளித்தது.

ராஜசேகர் திரும்பிப் பார்த்தார். பவி எங்கே என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது அவர் போனில் செய்தி வந்தது. அக்கா வீட்டுக்குப் போகிறேன், தேட வேண்டாம் என்று. படித்துவிட்டு என்னிடம் வந்தார். ஓடி ஒளிய எனக்குத் தோன்றவில்லை. பவித்ரா பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றேன்.

"யாரைக் கேட்டுங்க மேடம் குடுத்தீங்க?"

"பாஸ்போர்ட்ல யார் பேர் இருந்துச்சோ அவங்களைத்தான் சார் கேட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அங்கிருந்த ஒரு மரப் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். "பாக்கலாம்னுதானுங்களே சொன்னேன். மாட்டேன்னா சொன்னேன்?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்ததற்கு வருத்தப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பாஸ்போர்ட்டைத் தரச் சொன்னார். கொடுத்தேன். வாங்கி, எந்தப் பாக்கெட்டில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பாய் கேட்டார். "ஒருத்தர் இல்லை பாய்" என்றேன். போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை உணவின்போது சிலர் என்னோடு பேசவில்லை. குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்று ஒரு அம்மா என் காதில் விழும்படியே சொன்னார். அதே அம்மா சற்று நேரத்தில் என் மேசைக்கு வந்தார். "என்னோடதையும் குடுத்துருங்க மேடம். எங்கயும் போகமாட்டேன், சும்மா வச்சுக்கறேன்" என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். அடுத்து ஒரு கணவரும் மனைவியும், அப்புறம் அபுதாபிப் பெரியவர். ஆற்றங்கரைச் சந்தைக்குக் கிளம்புவதற்குள் என் பை காலியாகிவிட்டது. இடுப்பு லேசாக இருந்தது, நடையே மாறிவிட்டது. ஒருவரும் ஓடிப்போகவில்லை. எல்லோரும் பஸ்ஸில் ஏறி, பேரம் பேசி, பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு துபாய் திரும்பினார்கள்.

சத்வா ஆபீஸில் சுலைமானி காத்திருந்தது. பாய் மெதுவாகக் குடித்தார்.

"நீ செஞ்சது சரியா தப்பான்னு நான் கேக்கலம்மா. நான் சொன்னதை நீ கேக்கல" என்றார். "இனி சலாலா பஸ் பாத்துக்க. கலாஸ்."

சலாலா பஸ் என்பது மழைக் காலத்தில் ஓமானின் தெற்கு மூலைக்குப் போகும் டூர். பாலைவனத்தில் நாள் முழுக்க ஓட்டம், போய்ச் சேர்ந்தால் தூறல், பச்சை மலை, தென்னந்தோப்பு. எங்கள் ஊரைப் போலவே இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் இடம். எங்கள் ஊரைப் போலவே இருக்கும் இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும்? ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். பவித்ரா சொன்ன தேதியில் விமானம் ஏறினாள். தூதரகத்திலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. பாய்க்கும் அது தெரியும். ஆனாலும் என்னை ஐரோப்பா டெஸ்க்குக்குத் திரும்ப அழைக்கவில்லை. அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. கோபமும் அப்படியே இருக்கிறது.

பவித்ரா ஈரோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக்கு ஒரு வரி அனுப்புவாள். ராஜசேகர் அப்புறம் என்ன ஆனார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் முதலில் வாயால் சொன்னபோதே நிஷா, எழுதச் சொன்னதோடு இன்னொரு காரியமும் செய்தாள். அடுத்த லியோன் குரூப்போடு நீங்களும் வாருங்கள் மேடம், புதுப் பெண்கள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசா அப்பாயின்ட்மென்டும் வாங்கிவிட்டாள். பாஸ்போர்ட் வேண்டும்.

அது என் மகன் கார்த்திக்கிடம் இருக்கிறது. நான் அவன் விசாவில் இருக்கிறேன். வருடா வருடம் அவன்தான் புதுப்பிக்கிறான். வீட்டுப் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அவன் ஆபீஸ் லாக்கரில் வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. என் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டுத்தான் தூங்கப் போவான். கேட்டேன். "எதுக்கும்மா இப்போ? டிசம்பர்ல நாம எல்லாரும் சேர்ந்து போலாம்" என்றான். மறுநாள் கேட்டேன். மறந்துவிட்டேன் என்றான். அடுத்த நாள் மீட்டிங். நேற்று முன்தினம் காலை, ஷூ போட்டுக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றான்.

கதவு சாத்திய பிறகு அங்கேயே நின்றேன். பிறகு அலமாரியைத் திறந்து என் பழைய இடுப்புப் பையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மருமகளிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்து அவன் ஆபீஸுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்ன விஷயம் என்றாள். பாஸ்போர்ட் வாங்க வந்திருக்கிறேன் என்றேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார், நேரமாகும் என்றாள். ஆகட்டும் என்றேன்.

எனக்கு உட்கார வராது என்று சொன்னேன் அல்லவா. அன்று உட்கார்ந்தேன். அவள் கொடுத்த காபி ஆறியது, நான் எழவில்லை. மதியம் போயிற்று, எழவில்லை. கடைசியில் கார்த்திக் வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது, ஆபீஸ்ல வந்து? ஈவினிங் நானே கொண்டுவர மாட்டேனா?"

"நீ எடுத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தான். முத்திரை விழுந்த பக்கங்களைப் பார்த்தேன், பழக்கம். பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"பத்திரம்மா. தொலைச்சுடாதே" என்றான்.

ஐரோப்பாவின் கடைசி முத்திரை லியோன் ஏர்போர்ட்டில் விழுந்ததுதான். அப்பாயின்ட்மென்ட் மறுநாள் காலைக்கு, போட்டோ இன்னும் எடுக்கவில்லை, கடையை மூடிவிடுவார்கள். எழுந்து நடந்தேன்.